கடல் தாண்டிப் போகும் பெட்டி: போனும் லேப்டாப்பும் பழுதில்லாமல் போய்ச் சேர

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பத்தொன்பது வருடமாகப் போன், லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கண்ணாடி உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்றுதான் ஆட்கள் வருவார்கள். இப்போது ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்துவிட்டு, “அக்கா, இத மகளுக்கு அனுப்பணும், நல்லா கட்டிக் குடுங்க” என்று நிற்பவர்கள் அதிகம். எல்பில், டோவன்பி, கமுனிங் என்று சுற்றியிருக்கும் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் பெர்த்திலும் லண்டனிலும் இருக்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியத் தம்பிகளும் ஊரில் இருக்கும் மனைவிக்குப் போன் அனுப்ப இங்கேதான் வருகிறார்கள். அவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் இருந்தவர். புகை போட்ட ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி, அழுத்தி, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பேலாக்குவார்கள். பேல்கள் கப்பலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வெளிப்பக்கம் முழுக்க டால்க் கலந்த கரைசலைப் பூசுவார்கள். மூலைகளில் பூச்சு விட்டுப்போயிருந்தால் அப்பா மறுபடி பூசச் சொல்வார். “சாமான் கூட நாம போகப் போறதில்ல. செய்ய வேண்டியத இங்கயே செஞ்சு அனுப்பிடணும்” என்பார். லேப்டாப்புக்கும் அதே கதைதான்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

பெட்டியும் டேப்பும் அப்புறம் பார்க்கலாம். உங்கள் கையில் இருக்கும் சாமானுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. போன், லேப்டாப், டேப்லட், கைக்கடிகாரம், காதில் மாட்டும் புளூடூத், அதன் குட்டி டப்பா, குழந்தைகளின் ரிமோட் கார் என்று பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருக்கும்.

இந்தப் பேட்டரி உள்ளே நசுங்கினாலோ, இரண்டு முனைகளும் உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆனாலோ சூடு ஏறத் தொடங்கும். ஒரு அளவைத் தாண்டிவிட்டால் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும்; பேட்டரிக்குள் ‘செல்’ என்கிற தனித்தனி அறைகள் உண்டு, பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்தது. விமானிகள் இருவரும் இறந்துபோனார்கள். கூரியர் கவுண்டரில் நிற்கும் பிள்ளை பேட்டரியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

விமானச் சட்டம் பேட்டரியை மூன்று விதமாகப் பிரிக்கிறது. சாதனத்துக்குள்ளேயே பொருத்தியிருப்பது ஒன்று. சாதனத்தோடு அதே பெட்டியில் தனியாக வைப்பது இன்னொன்று. பேட்டரி மட்டும் தனியாகப் போவது மூன்றாவது. லித்தியம் அயன் பேட்டரியில் முதல் இரண்டுக்கும் யுஎன் 3481 என்ற எண் (ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. வைத்திருக்கும் அடையாள எண்). மூன்றாவதற்கு யுஎன் 3480. தனிப் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே கூடாது என்பது 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுக்க நடப்பில் உள்ள விதி. அஞ்சல் வழியாக அனுப்பினால் இன்னும் கறார்: சாதனத்துக்குள் இருக்கும் பேட்டரிக்கு மட்டும்தான் இடம், அதிலும் ஒரு பெட்டிக்கு இரண்டு பேட்டரி அல்லது நான்கு செல் வரைதான். அந்த இடத்தையும் எல்லா நாட்டு அஞ்சல் துறையும் தருவதில்லை. அதனால் போஸ் ஆபிஸுக்குப் போவதாக இருந்தால் பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே போய், எந்த நாடு, என்ன சாமான் என்று சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள். நான் எந்தப் பெட்டியிலும் இரண்டு சாதனத்துக்கு மேல் வைப்பதில்லை.

பவர் பேங்க் சாதனம் இல்லை, அது வெறும் பேட்டரி. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் அம்மா, சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த மகனுக்குப் பழைய லேப்டாப்பை அனுப்பினார். நான் கட்டிக் கொடுத்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், மறுபடி திறந்து, இரண்டு சட்டைக்கு நடுவில் ஒரு பவர் பேங்கைச் சுருட்டி வைத்துவிட்டார். ஸ்கேனரில் சட்டை தெரியாது, பேட்டரிதான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். பெட்டி விமானம் ஏறவே இல்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கட்டணம் திரும்பி வரவில்லை. மகன் அதற்குள் கடன் வாங்கி வேறு லேப்டாப் வாங்கிவிட்டான். அந்த அம்மா என் கடையில் உட்கார்ந்து அழுதது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பாசத்தில் வைத்ததுதான். ஆனால் அனுப்பும் சாமானைப் பற்றி ஒன்றையும் மறைக்காதீர்கள். மறைத்த ஒரு சாமான் மறைக்காத எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடும்.

பவர் பேங்க் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், யாராவது விமானத்தில் போகும்போது கைப்பையில் கொண்டுபோகட்டும். 100 வாட்-மணிக்குள் இருக்கவேண்டும். கணக்கு சுலபம்: பேட்டரியில் போட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணை 1000-ஆல் வகுத்து, வோல்ட்டால் பெருக்குங்கள். 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-மணி. போகலாம். எழுத்தெல்லாம் தேய்ந்து எண்ணே தெரியாத பவர் பேங்கை விமான நிலையத்தில் பிடித்துவைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மலேசியா ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் கூடாது. கையோடு வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

சார்ஜ் அளவையும் பாருங்கள். நிறைந்த பேட்டரிக்குள் சக்தி அதிகம். கோளாறு வந்தால் நெருப்பும் அதிகம். 30 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிவிட்டு அனுப்புங்கள். ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். வழியில் ஒரு மாதம் மாட்டிக்கொண்டால், அடியோடு வற்றிய பேட்டரி மறுபடி எழுந்திருக்காமல் போய்விடலாம். நான் 25 விழுக்காட்டில் நிறுத்துகிறேன்.

அடுத்தது வீக்கம். என் கடை மேசைமேல் தடித்த கண்ணாடி போட்டிருக்கிறேன். அனுப்ப வரும் ஒவ்வொரு போனையும் உறையைக் கழற்றி, முதுகு கீழே இருக்கும்படி கண்ணாடிமேல் வைத்து, ஒரு மூலையை விரலால் மெல்லத் தட்டுவேன். நல்ல போன் கேமரா பக்கம் மட்டும் லேசாக ஆடி நின்றுவிடும். பேட்டரி வீங்கிய போன் நடுவயிற்றில் நின்று பம்பரம் மாதிரி சுழலும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் திரைக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரியும். லேப்டாப்பில் டச்பேட் மேலெழும்பியிருக்கும், அல்லது மூடினால் ஒரு பக்கம் இடைவெளி விழும். இப்படி இருந்தால் அந்தப் பேட்டரியோடு அனுப்ப வழியே இல்லை. கெட்டுப்போன, வீங்கிய, நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்ட பேட்டரிகள் விமானத்தில் ஏறக் கூடாது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களையே அப்படித்தான் விமானங்களில் தடை செய்தார்கள். பேட்டரியை மாற்றிவிட்டு அனுப்புங்கள். வீங்கியதைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

உள்ளே இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள்

போனைக் கட்டுவதற்கு முந்தின நாள் இரவு உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை இது. படம், குரல் பதிவு, தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் பிரதி எடுங்கள். போன் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். தாத்தா பேசிய குரலை எந்தக் கடையில் வாங்குவது?

போனை வேறொருவர் பயன்படுத்தப் போகிறார் என்றால், முதலில் உங்கள் கூகுள் கணக்கை அல்லது ஆப்பிள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். ஐபோனில் ‘ஃபைண்ட் மை’ வசதியையும் அணைக்கவேண்டும். அதன் பிறகுதான் எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட். இந்த வரிசை மாறினால் போன் அங்கே போய்ப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். மதுரையில் இருக்கும் சித்திக்குச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அக்கா மகன், மறந்துபோன கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் தேடித்தேடிச் சொன்ன கூத்தெல்லாம் என் கடையிலேயே நடந்திருக்கிறது.

சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரை ஒளிரும் நிலையில் ஒரு படம், நான்கு பக்கமும் ஒவ்வொரு படம். நாளைக்கு இழப்பீடு கேட்டுப் போனால் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

இந்தோனேசியத் தம்பிகளுக்கு மட்டும் ஒரு சொல். உங்கள் நாட்டில் 2020-லிருந்து, வெளிநாட்டில் வாங்கிய போனின் ஐஎம்இஐயைச் சுங்கத்துறையில் பதிய வேண்டும். பதியாவிட்டால் உள்ளூர் சிம்மில் சிக்னல் வராது. மனைவிக்கு அனுப்புவதைவிட, நீங்கள் ஊருக்குப் போகும்போது கையில் கொண்டுபோய்ப் பதிவதே மேல்.

ஒரு லேப்டாப்பைக் கட்டும் விதம்

2017-இல் என் தங்கை மகள் கர்நாடகாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். தங்கை சீட்டு எடுத்த பணத்தில் லேப்டாப் வாங்கினாள். நான்தான் கட்டினேன். வெளியே மூன்று சுற்று குமிழ் உறை, நல்ல பெட்டி, சுற்றிலும் டேப். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது. திறந்து பார்த்தால் திரை முழுக்கச் சிலந்தி வலை. சார்ஜரை லேப்டாப்பின் முதுகோடு சேர்த்து ஒரே உறையில் சுற்றியிருந்தேன். கால் கிலோ எடையுள்ள அந்தக் கட்டி, சுங்கை சிப்புட்டிலிருந்து மங்களூர் வரைக்கும் ஒவ்வொரு குலுக்கலிலும் திரையின் பின்புறத்தில் இடித்துக்கொண்டே போயிருக்கிறது. வெளியிலிருந்து வரும் அடியை மட்டும் நினைத்தேன். உள்ளே இருப்பதே இடிக்கும் என்று நினைக்கவில்லை. தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. அன்றிலிருந்து நான் கட்டும் முறையே மாறிப்போனது.

லேப்டாப்பை முழுக்க அணையுங்கள். மூடி வைத்தால் அது தூங்குகிறது, அவ்வளவுதான். ஒரு குலுக்கலில் விழித்துக்கொண்டு, உறைக்குள் காற்றில்லாமல் கொதிக்கும். தற்செயலாக இயங்கிவிடாதபடி அனுப்பவேண்டும் என்பது விமான விதியிலும் உண்டு. பேட்டரி தனியாகக் கழன்று வருகிற பழைய மாடலாக இருந்தால் அதைக் கழற்றாதீர்கள், உள்ளேயே இருக்கட்டும். யுஎஸ்பி குட்டிகள், மவுஸின் ரிசீவர், கார்டு எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஓர் அடியில் உள்ளே இருக்கும் போர்டையே பெயர்த்துவிடும்.

விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவில் மெல்லிய நுரைத்தாள் ஒன்று. புது லேப்டாப்பில் வருமே, அந்தத் தடிமன்தான். தடித்த துணியை வைத்தால் மூடும்போது அதுவே திரையை அழுத்தும். பிறகு ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். பொட்டலத்தை மூடியின் மேல் வைக்காதீர்கள், விளிம்போரமாகப் போடுங்கள். அந்தச் சின்ன மேடுகூட ஒரே இடத்தில் அழுத்தம் கொடுக்கும். நம் ஊர் காற்றில் ஈரம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். மத்தியான மழை பெய்துகொண்டிருக்கும்போது பையை மூடாதீர்கள். மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்து அனுப்புகிறீர்கள்.

குமிழ் உறையைக் குமிழ் உள்பக்கம் இருக்கும்படி இரண்டு சுற்று. டேப் உறைமேல்தான் ஒட்டவேண்டும், சாதனத்தின்மேல் படக் கூடாது. இப்போது இது சரியாக நுழைகிற ஓர் உள்பெட்டி. லேப்டாப் வாங்கிய பெட்டியே இருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதை அப்படியே அனுப்பக் கூடாது. உள்ளே இருப்பதன் படமும் பெயரும் வெளியே தெரிய, கடல் தாண்டி அனுப்புவது வலிய ஆபத்தைக் கூப்பிடுவது.

வெளிப்பெட்டி புதிதாக, இரட்டை அலை அட்டையில் இருக்கட்டும். கடை ஓரத்தில் கிடந்த பெட்டி ஒருமுறை நனைந்திருந்தால் அதன் பலம் போய்விட்டது என்று அர்த்தம். விரலால் மூலையை அமுக்கிப் பாருங்கள், நசநசவென்று உள்ளே போனால் வேண்டாம். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் மேலே, கீழே, நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் திணிப்பு வேண்டும். கசக்கிய செய்தித்தாளை நான் விட்டுவிட்டேன். இரண்டு நாள் குலுக்கலில் அது அப்பளமாகிவிடுகிறது. பழைய லேடக்ஸ் மெத்தையை 5 சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி வைத்திருக்கிறேன். அமுக்கினால் அமுங்கி, விட்டால் உடனே எழும்பும். எட்டு மூலைக்கும் ஒவ்வொரு துண்டு, பக்கங்களுக்குப் பட்டையாக ஒவ்வொன்று. பெட்டி விழும்போது பெரும்பாலும் மூலையில்தான் விழும், அதனால் மூலையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சார்ஜர் தனிச் சின்ன டப்பாவில், தனித் திணிப்போடு, நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு வைத்து. ஒயரை இறுக்கி மடிக்காமல் வளையமாகச் சுற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இருவர் முகவரியும் போன் எண்ணும் எழுதிய ஒரு தாள். வெளியே ஒட்டியது கிழிந்துபோனாலும் பெட்டி அநாதையாகாது.

மூடுவதற்கு முன் பெட்டியைக் காதருகே தூக்கி, மெல்ல நான்கு பக்கமும் ஆட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு நான் இதைச் செய்வேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தாலும் திறந்து அந்த இடத்தை அடைக்கவேண்டும். பிறகு உங்களையே கேட்டுப் பாருங்கள்: இந்தப் பெட்டியை இப்போது இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விட மனம் துணிகிறதா? துணியவில்லை என்றால் திணிப்பு போதவில்லை. வழியில் யாராவது ஒருவர் அதை விடத்தான் போகிறார்.

டேப் 5 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கட்டும். நடுக்கோட்டில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. மேலேயும் கீழேயும் இதே மாதிரி. ராபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டுவது நம் ஊர் பழக்கம். தயவுசெய்து கட்டாதீர்கள். கயிறு உருளைப் பட்டையில் மாட்டினால் பெட்டியே கிழிந்துவிடும். ‘உடையும் பொருள்’ என்ற ஸ்டிக்கரை ஒட்டலாம், தவறில்லை. ஆனால் பெட்டிகள் பெரும் பகுதி வழியை எந்திரப் பட்டையில்தான் கடக்கின்றன. ஸ்டிக்கரை நம்பித் திணிப்பைக் குறைக்காதீர்கள்.

போனுக்கும் இதே முறைதான், பெட்டி மட்டும் சின்னது. ஆனால் உள்ளங்கை அளவுப் பெட்டியாக அனுப்பாதீர்கள். மிகச் சின்னப் பெட்டி பெரிய மூட்டைகளுக்கு நடுவில் எளிதாகக் காணாமல் போகும்.

மேசைக் கணினி என்றால் கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். குலுக்கலில் அது தொங்கித் தொங்கியே ஸ்லாட்டை உடைத்துவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றுங்கள். கழற்றிய கார்டுகளுக்குச் சாதாரணக் குமிழ் உறை நேரடியாகப் படக் கூடாது. அந்தப் பிளாஸ்டிக் உரசலில் உண்டாகும் நிலைமின்சாரம் சின்னச் சில்லுகளைக் கொன்றுவிடும்; வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சாம்பல் நிறத்தில் பளபளக்கும் ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு, அதன்மேல் குமிழ் உறை. டிவியை அனுப்பவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆகும் செலவுக்கு அங்கேயே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது?

ஒரு கிலோ மிளகாய்த்தூளும் முறுக்கும் லேப்டாப்போடு சேர்ந்து வருவது எனக்குப் பழகிப்போன காட்சி. பிள்ளை அங்கே வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்ற ஆசைதான், புரிகிறது. ஆனால் சாப்பாட்டுச் சாமான் இருந்தால் சோதனைக்குப் பெட்டியைத் திறப்பார்கள். திறந்தவர்கள் நான் வைத்த மாதிரி மூலை மூலையாக நுரையைத் திருப்பி வைப்பார்களா? எண்ணெய்ப் பொட்டலம் கசிந்தால் அது வேறு. பலகாரத்துக்குத் தனிப் பெட்டி போடுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு இன்னொரு கவனம் வேண்டும். அங்கே செடி, பூச்சி, நோய் விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. முட்டை அட்டை, பழம் வந்த பெட்டி, வைக்கோல், காய்ந்த இலை எதையும் திணிப்பாக வைக்கக் கூடாது. தம்புன் பொமேலோ வந்த பெட்டி நல்ல தடிமனாக இருக்கிறது என்று எடுத்து வருகிறார்கள். பெர்த்துக்கு அது ஆகாது.

சில சாமான்களை அந்தந்த நாடே ஏற்காது. மின்சிகரெட்டைச் சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் அனுப்பக் கூடாது. வெளிநாட்டு டிரோனை இறக்குமதி செய்வதை இந்தியா 2022-இல் தடை செய்தது. சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோனால் போலீஸ் விவகாரமாகிவிடும்.

படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

‘எலக்ட்ரானிக் சாமான்’ என்று மொட்டையாக எழுதினால் பெட்டி நிற்கும். ஆங்கிலத்தில் விவரமாக எழுதுங்கள்: பயன்படுத்திய லேப்டாப், இன்ன பிராண்ட், இன்ன மாடல், லித்தியம் அயன் பேட்டரி உள்ளே பொருத்தப்பட்டுள்ளது, எண்ணிக்கை ஒன்று, இன்ன விலை. சுங்கக் குறியீடு கேட்டால் லேப்டாப்புக்கு 8471.30, ஸ்மார்ட்போனுக்கு 8517.13. அஞ்சலில் மதிப்பு குறைந்த சாமானுக்குச் சிஎன் 22, அதற்கு மேல் சிஎன் 23 படிவம். லேப்டாப்புக்குப் பெரும்பாலும் சிஎன் 23 தான் வரும்.

“அன்பளிப்புன்னு போட்டா வரி இல்லதானே அக்கா?” என்று எல்லாருமே கேட்கிறார்கள். நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் அன்பளிப்புக்கு வரிவிலக்கு 39 பவுண்டு வரைதான். ஆஸ்திரேலியாவில் 1000 ஆஸ்திரேலிய டாலர் மதிப்பைத் தாண்டினால் நுழைவில் வரி. சிங்கப்பூருக்கு 400 சிங்கப்பூர் டாலருக்கு மேல் போனால் ஜிஎஸ்டி, இப்போது 9 விழுக்காடு. இந்தியா 2019 டிசம்பரிலிருந்து அஞ்சல், கூரியர் அன்பளிப்புச் சலுகையை ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர மற்றவற்றுக்கு நிறுத்திவிட்டது. போன் அனுப்பினால் வாங்குகிறவர் வரி கட்டித்தான் எடுக்கவேண்டும். அவருடைய அடையாள ஆவணத்தையும் கூரியர் கேட்கும். முன்பே சொல்லி வையுங்கள். தெரியாத எண் என்று போனை எடுக்காமல் விட்டு, பெட்டி கிடங்கிலேயே கிடந்த கதைகள் நிறைய. இந்தியாவுக்கு யாராவது விமானத்தில் போகிறார்கள் என்றால் லேப்டாப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுபோகலாம்.

வரிக்குப் பயந்து இரண்டாயிரம் ரிங்கிட் சாமானை இருநூறு என்று எழுதாதீர்கள். தொலைந்தால் உங்கள் கைக்கு வருவது அந்த இருநூறுதான். காப்பீடு எடுக்காவிட்டால் அதுவும் கேள்விக்குறி. விமானச் சரக்குக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையில், மதிப்பைத் தனியாக அறிவிக்காத சரக்குக்கு இழப்பீட்டு உச்சவரம்பை எடையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அரைக் கிலோ போன் பெட்டிக்கு 13 எஸ்டிஆர், நம் காசில் சுமார் எழுபது ரிங்கிட். போன் என்ன விலை என்பதைப் பற்றி அந்தக் கணக்குக்குக் கவலையில்லை. ஆகவே முழு மதிப்புக்கும் காப்பீடு எடுங்கள். எடுக்கும்போது, சரியாகக் கட்டாத பெட்டிக்கு இழப்பீடு இல்லை என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். கட்டும்போது ஒவ்வொரு கட்டத்திலும் நான் படம் எடுத்துக் கொடுப்பது அதனால்தான்.

கூரியர் கட்டணத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கணக்கிடுவது வழக்கம். எது அதிகமோ அதற்குப் பணம். 40, 30, 20 அளவுப் பெட்டி 4.8 கிலோ ஆகிவிடும், உள்ளே இரண்டு கிலோ லேப்டாப்தான் இருந்தாலும். இதைக் கேட்டதும் பெட்டியைச் சின்னதாக்கச் சொல்கிறார்கள். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், அந்த 5 சென்டிமீட்டரில் பிடிக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏதோ ஒரு கிடங்குச் சூட்டில் கிடக்கும். திங்கள், செவ்வாய் நல்லது. தீபாவளிக்குப் போய்ச் சேரவேண்டியதை ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

அங்கே வாங்குகிறவருக்கு

பெட்டியை வாங்கும்போதே ஆறு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். திறப்பதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கட்டும். நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் இடத்திலேயே அதை எழுதட்டும்.

லண்டனில் குளிர்காலம் என்றால், வந்த உடனே போடக் கூடாது. குளிர்ந்துபோன சாதனம் சூடான அறைக்குள் வந்தால், ஐஸ் தண்ணீர் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல் உள்ளேயும் நீர் கோக்கும். உறையைப் பிரிக்காமல் நான்கைந்து மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, பிறகு பிரித்து, சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் போடட்டும். லேப்டாப், போன் சார்ஜர்களில் பெரும்பாலும் இருக்கும். நம் மூன்று கால் பிளக் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் அப்படியே நுழையும்; இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மாற்றுப் பிளக் வேண்டும்.

போன மாதம் எல்பில் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். பெர்த்தில் இருக்கும் பேத்திக்குத் தன் பழைய போனை அனுப்பவேண்டும். கண்ணாடியில் கீறல், பேட்டரி வீக்கம். அதில் பாட்டி பாடிய தாலாட்டு நாற்பதுக்கு மேல் இருந்தது. பேத்தி கர்ப்பமாக இருக்கிறாள். புது பேட்டரி போட்டேன். பாட்டுகளை முதலில் பேத்தியின் கூகுள் டிரைவுக்கு ஏற்றினேன், அப்புறம்தான் போனைக் கட்டினேன். அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பாட்டி கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு நுரைத் துண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

போகும்போது கூரியர் ரசீதை நான்காக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை வாங்கி ஒரு படம் எடுத்து அவர் மகனுக்கு அனுப்பிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த ரசீது வெப்பத்தாளில் அச்சாவது, நம் வெயிலில் சில வாரத்தில் எழுத்தெல்லாம் வெளுத்துவிடும். பெட்டி போய்ச் சேர்ந்து, சாதனம் சார்ஜ் ஏறி, ஒரு நாள் முழுக்க ஓடுகிறது என்று அங்கிருந்து செய்தி வரும்வரை அந்தப் படத்தை அழிக்காதீர்கள்.